மிளகாய் விதைத் தட்டு: பாதி முளைத்துவிட்டது, பாதி முளைக்கவில்லை. மூடியை எடுக்கவா, விடவா?

முண்டுக்காரி, பிராம்ப்டன் | மார்ச் 23

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி ஒன்றுதான். ஆனால் கதையைச் சொல்லாமல் கேட்டால் "மூடியை எடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். எடுத்தும் பார்த்துவிட்டேன். அதிலும் பிரச்சினை.

எனக்குச் சொந்த ஊர் கமுதி பக்கம். எங்கள் வீட்டில் முண்டு மிளகாய்க்கு நாற்றங்கால் என்ற பேச்சே கிடையாது. புரட்டாசியில் உழுது, விதையைக் கையால் வீசிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மழை பெய்தால் முளைக்கும். பெய்யாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே கதிதான் என்று ஓர் ஆறுதல் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, இங்கே கனடாவில் பேஸ்மென்டில் உட்கார்ந்து 72 குழி விதைத் தட்டுக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் ஹீட் மேட், மேலே பிளாஸ்டிக் மூடி, பக்கத்தில் காற்றின் ஈரப்பதம் காட்டும் கருவி என்று வைத்துக்கொண்டு, விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் எட்டிப் பார்க்கிறேன். வீடியோ காலில் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சிக்குக்கூட இவ்வளவு பண்ண மாட்டாங்கடி" என்றார்.

வேறு வழியில்லை. இங்கே மே மாதம் விக்டோரியா டே விடுமுறை வரைக்கும் செடியை வெளியே வைக்கப் பயம். அதற்கு அப்புறம் விதைத்தால் காய் பழுப்பதற்குள் குளிர் வந்துவிடும். அதனால் மார்ச் 1 அன்று விதைத்தேன்.

தட்டில் 36 குழி முண்டு. ஊரிலிருந்து வந்தது இல்லை, இங்கேயே விதை சேர்க்கும் ஒருவரிடம் வாங்கியது. 18 குழி ஸ்காட்ச் பானட் மிளகாய், ஜமைக்காக்காரப் பக்கத்து வீட்டு அம்மா பழத்தையே கொடுத்தார். 18 குழி காந்தாரி மிளகாய். மூன்றையும் ஒரே தட்டில், ஒரே மூடிக்கு அடியில் போட்டதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

எட்டாவது நாள் முண்டு கழுத்தை வளைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரே வாரத்தில் 36-க்கு 31. மற்ற இரண்டும் அசையவில்லை. அவை முளைக்க ஈரம் வேண்டுமே என்று மூடியை எடுக்காமல் விட்டேன். மூடியின் உள்பக்கம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். பார்க்க அழகாகக்கூட இருந்தது. பதினான்காம் நாள் காலையில் நான்கு நாற்று படுத்துக் கிடந்தன. வாடவில்லை, இலை பச்சையாகவே இருக்கிறது. ஆனால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல்போல் மெலிந்து போயிருக்கிறது. மறுநாள் இன்னும் மூன்று. அதற்கு மறுநாள் இரண்டு.

17-ஆம் தேதி சாயங்காலம் பயந்துபோய் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் மேல்மண் அப்பளம். கருவியில் 22 சதவீதம். 19-ஆம் தேதி ஸ்காட்ச் பானட் மூன்று எட்டிப் பார்த்தன, மூன்றுமே தலையில் விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு. ஒன்றை நகத்தால் எடுக்கப் போய் கழுத்தோடு கையில் வந்துவிட்டது. சரி என்று மூடியை மறுபடி போட்டேன். நேற்று இன்னும் இரண்டு முண்டு விழுந்தது, காந்தாரிக் குழிகளில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ படர்கிறது.

திறந்தால் காய்கிறது, மூடினால் அழுகுகிறது. நான் என்ன செய்ய? "கடையில் மிளகாய் கிடைக்கிறதே" என்று சொல்ல வருபவர்கள் என் கணவரோடு வரிசையில் நிற்கவும்.


ஃபர்னஸ் மாமா, ஸ்கார்பரோ | மார்ச் 23

பிள்ளை, உங்கட கதையை இரண்டு தரம் வாசித்தேன். நான் 22 வருடம் வீடு வீடாகப் போய் ஃபர்னஸ், அதுதான் வீட்டைச் சூடாக்கிற எந்திரம், பழுது பார்த்தவன். அதனால் முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கோ, மிளகாய்க்குப் பிறகு வருகிறேன்.

வெளியே மைனஸ் 10 என்றால், ஒரு கனமீட்டர் காற்று 2 கிராம் சொச்சம் நீராவிக்கு மேல் பிடிக்காது. அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் பிடிக்கக்கூடிய காற்றாகிவிடும். பிடிக்கிற இடம் பெரிதாகிவிட்டது, உள்ளே இருக்கிற தண்ணீர் அதே 2 கிராம்தான். அந்தப் பசி பிடித்த காற்று எங்கே ஈரம் கிடைக்குமென்று அலையும். உங்கட உதடு, மூக்கு, கதவுச் சட்டம், மிளகாய்த் தட்டு, எல்லாத்திலும் உறிஞ்சும். சமையல், குளிப்பு, மூச்சு எல்லாம் சேர்ந்துதான் உங்கட 22 சதவீதம் வந்திருக்கு. கமுதியில் காற்றே மூடி. இங்கே அது இல்லை.

மூடிக்கு உள்ளே நடப்பது இதற்கு நேர் எதிர். கீழே மேட் மண்ணைச் சூடாக்குது, தண்ணீர் ஆவியாகுது. மேலே பேஸ்மென்ட் குளிரில் மூடி குளிர்ந்து கிடக்கு. ஆவி அதில் பட்டுத் துளியாகித் திரும்ப நாற்றின் மேலேயே விழுது. நீங்கள் அழகாக இருந்தது என்று சொன்ன அந்த முத்துத்தான் வினை. மூடியில் மெல்லிய பனி பிடித்த மாதிரி மங்கலாக இருந்தால் போதும். துளி உருண்டு ஓடினால் மண்ணில் தண்ணீர் கூடிப்போச்சு என்று அர்த்தம்.

இனி மிளகாய். விதை முளைக்கிற வரைக்கும் மேல்மண் ஒரு நாள்கூடக் காயக்கூடாது, அதுக்குத்தான் மூடி. கழுத்து வெளியே தெரியும்போது வேர் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும். அதுக்குப் பிறகு மேல்மண் கொஞ்சம் காய்ந்தால் நல்லது என்றுதான் நான் சொல்லுவேன். ஈரம் தேடி வேர் இன்னும் இறங்கும், தண்டடியும் காய்ந்து கிடக்கும். ஆகவே "எப்ப எடுக்கிறது" என்ற கேள்விக்கு ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு பதில். உங்கட சிக்கல், முளைத்ததும் முளைக்காததும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது.

தட்டை வடிவாகத் திருப்பிப் பாருங்கோ. 72 குழித் தட்டு அநேகமாக ஆறு ஆறு குழியாகத்தான் ஒட்டியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டிப் பிரியுங்கோ. முண்டு ஆறு துண்டையும் வெளியே எடுத்து, லைட்டுக்குக் கீழே மூடி இல்லாமல் வையுங்கோ, லைட் மூன்று அங்குல உயரத்தில். விழுந்த குழிகளை மண்ணோடு எடுத்துக் குப்பையில் போடுங்கோ. அதிலேயே திருப்பி விதை போட வேண்டாம். மற்ற ஆறு துண்டும் மூடிக்கு உள்ளேயே இருக்கட்டும்.

முண்டுக்கு இனி மேலே தண்ணீர் தெளிக்க வேண்டாம். கீழ்த்தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு, 20 நிமிடம் பொறுத்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கோ. அடுத்த தண்ணீர் எப்ப என்றால், தட்டைத் தூக்கிப் பாருங்கோ. பாரமாக இருந்தால் இன்னும் வேண்டாம். இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

ஒரு கேள்வி. ஹீட் மேட்டுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இருக்கா? மண்ணுக்குள் என்ன வெப்பம் என்று பார்த்தீர்களா?


பட்டை லவங்கம், நியூ ஜெர்சி | மார்ச் 23

பட்டைத்தூள். மண்மேல் லேசாகத் தூவி விடுங்கள், பூஞ்சணம் ஓடிவிடும். எனக்கு மூன்று வருடமாக ஒரு நாற்றுகூட அழுகவில்லை. இவ்வளவு பௌதிகம் எல்லாம் தேவையில்லை.


முண்டுக்காரி, பிராம்ப்டன் | மார்ச் 24

மாமா, தெர்மோஸ்டாட் கிடையாது. விலை குறைவு என்று மேட்டை மட்டும் வாங்கினேன். நீங்கள் கேட்டதும் இறைச்சி வேகும் பதம் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துக் குத்திப் பார்த்தேன். நடுக்குழிகளில் 34. ஓரக்குழிகளில் 26. முண்டில் விழுந்தவை பெரும்பாலும் நடுவில் இருந்தவை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். ஓரத்தில் இருந்தவற்றில் இரண்டுதான் போயிருக்கின்றன.

தட்டைத் திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ஆறு ஆறாகத்தான் இருக்கிறது. ஒரு மாதமாகக் கையில் வைத்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை. வெட்டியாகிவிட்டது.

பட்டை லவங்கம், உங்களுக்கும் நன்றி. வீட்டில் பட்டை இருக்கிறது. காந்தாரியில் ஒரு துண்டுக்குத் தூவி, மற்ற இரண்டை அப்படியே விட்டுப் பார்க்கிறேன்.


நிழல்வலை, கோவை | மார்ச் 24

நான் தொண்டாமுத்தூர் பக்கம் நாற்றுப் பண்ணையில் இருக்கிறேன். இங்கே குளிரும் இல்லை, ஃபர்னஸும் இல்லை. ஆனால் மூடி உண்டு. அதைச் சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

நாங்கள் 98 குழித்தட்டில் போடுகிறோம். ஒரு தட்டுக்கு 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு பிடிக்கும். அதைக் கையில் எடுத்துப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பத்தாக அடுக்கி, மொத்த அடுக்கையும் பாலித்தீன் தாளால் சுற்றி மூடிவிடுவோம். அதற்கு அப்புறம் முளைக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதுதான் பிடிபடாது. தாளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முதலில் வைத்த ஈரம் சரியாக இருந்தால் மூடிக்குள் தண்ணீர் எங்கும் போவதில்லை. நீங்கள் மூடியும் போட்டு, இடையிடையே ஸ்பிரேயும் அடித்தீர்களா? அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அடிக்கிறார்கள்.

ஆறாம் நாள் பிரித்துப் பார்ப்போம். அங்கங்கே கழுத்து தெரிந்தால் போதும், எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருக்க மாட்டோம். அன்றைக்கே அடுக்கைப் பிரித்து நிழல்வலைக்குள் தனித்தனியாகப் பரப்பிவிடுவோம். ஒரு நாள் தாமதித்தால்கூடக் கழுத்து வெளுத்து நீண்டுவிடும். அப்படி நீண்ட நாற்று அப்புறம் தேறினாலும் கடைசிவரை நோஞ்சான்தான், விவசாயி கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. எங்கள் அடுக்கில் தக்காளியும் மிளகாயும் சேர்ந்து ஒரு தாளுக்குள் போவதே இல்லை. தக்காளி முன்னால் முளைத்துவிடும். ஒரு அடுக்கு, ஒரு ரகம், ஒரு தேதி.

இதெல்லாம் குழித்தட்டு வந்த பிறகு வந்த வழக்கமும் இல்லை. மேட்டுப்பாத்தியில் நாற்று விட்ட காலத்திலும் விதைத்ததும் வைக்கோலைப் பரப்பி மூடாக்குப் போடுவார்கள், முளை தெரிந்ததும் எடுத்துவிடுவார்கள். எடுப்பது எப்போதும் வெயில் தாழ்ந்த பிறகு, சாயங்காலத்தில். பிஞ்சு முளை ராத்திரி முழுவதும் வெளிக்காற்றுக்குப் பழகிவிடும், காலை வெயிலைத் தாங்கும். நீங்களும் மூடியைச் சாயங்காலம் எடுங்கள். உங்கள் பேஸ்மென்டில் வெயில் இல்லை என்றாலும் லைட்டை அணைக்கும் நேரத்தில் எடுக்கலாம்.

நீங்கள் சொல்லும் நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம், ரைசாக்டோனியா என்ற பூஞ்சணங்களும் பூஞ்சணம் போன்றவையும் செய்யும் வேலை. பித்தியத்தின் வித்து தண்ணீரில் நீந்திப் போகக்கூடியது. அதனால்தான் மண் சொதசொதவென்று இருந்தால் பக்கத்துக் குழிக்கும் பரவுகிறது. விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, நிற்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். நாங்கள் விதைப்பதற்கு முன்பே, நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சணத்தை விதையில் கலந்துவிடுவோம், கிலோ விதைக்கு 4 கிராம். உங்கள் 72 விதைக்கு அது ஒரு சிட்டிகைகூட வராது. அங்கே அந்த மாதிரி ஏதாவது கிடைத்தால் அடுத்த வருடத்துக்கு வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி செய்யுங்கள். நோய் வந்த நாற்றங்காலில் தாமிர மருந்து ஊற்றுவதும் உண்டு. ஆனால் குழந்தைகள் ஓடுகிற வீட்டுக்குள், காற்றோட்டம் இல்லாத இடத்தில், முப்பது நாற்றுக்காக அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

பட்டைத்தூள் பற்றி ஒரு வார்த்தை. தூவினால் கெடுதல் இல்லை. ஆனால் தூவுகிறவர்கள் அன்றைக்கே மூடியையும் திறந்துவிடுகிறார்கள், தண்ணீரையும் குறைத்துவிடுகிறார்கள். பெயர் பட்டைக்குப் போய்விடுகிறது.


ஃபர்னஸ் மாமா, ஸ்கார்பரோ | மார்ச் 24

34 கூடத்தான். மிளகாய்க்கு மண்ணுக்குள் 26 முதல் 29 வரை இருந்தால் சந்தோஷமாக முளைக்கும். மேட்டின்மேல் துணி விரித்து வெப்பத்தைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்லுவினம். செய்யாதீங்கோ. மின்சாரத்தில் சூடாகிற எதையும் துணியால் மூடக்கூடாது, நான் பார்த்த வேலையில் அந்தக் கதைகள் நிறைய. அதற்குப் பதில் தட்டை மேட்டிலிருந்து கொஞ்சம் உயர்த்துங்கோ. கேக் சுட்டு ஆறவைக்கிற கம்பித்தட்டு இருந்தால் அதை நடுவில் வைத்து, அதன்மேல் தட்டை வைக்கலாம். பிறகு திருப்பி அளந்து பாருங்கோ. முளைத்த முண்டுக்கு மேட்டே தேவையில்லை, எடுத்துவிடுங்கோ.

தொப்பி விஷயம். வறண்ட காற்றில் விதைத்தோல் காய்ந்து இறுகிவிடும், இலையால் உதற முடியாது. விதையை மிகவும் மேலாகப் போட்டாலும் வரும், ஏனென்றால் மண்ணில் உரசிக்கொண்டு வரும்போதுதான் அந்தத் தோல் கழலும். நகம் வேண்டாம். பஞ்சுக்குச்சியை வெந்நீரில் நனைத்து அந்தத் தோலில் ஒரு துளி மட்டும் வையுங்கோ. அந்த ஒரு குழிக்கு மட்டும் சின்னக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து இரவு விடுங்கோ. காலையில் அநேகமாகத் தானே விழுந்துவிடும். விழாவிட்டால் திரும்ப ஒரு துளி. அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் சொந்தமாகச் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். தட்டே வாங்குவதில்லை. பிரியாணி வாங்குகிற தெளிவான மூடி போட்ட பெட்டி இருக்கே, அதில் ஒரு பெட்டிக்கு ஒரு சாதி. அடியில் ஓட்டை போட்டு, மூன்று விரல் மண், முப்பது விதை. முதல் கழுத்து தெரிந்த அன்று இரவு மூடியின் ஒரு மூலையில் பென்சிலை வைத்துத் தூக்கிவிடுவேன். அடுத்த நாள் இரண்டு பக்கமும் பென்சில். மூன்றாம் நாள் மூடி குசினிக்குத் திரும்பிவிடும். நிழல்வலை சொன்ன மாதிரி அன்றைக்கே முழுதாக எடுக்கலாம்தான், கோவைக் காற்றில். இங்கே ஜனவரி, மார்ச் காற்றில் பின்னால் வரப்போகும் பத்து விதைக்காக நான் அந்த இரண்டு நாளைக் கொடுக்கிறது. நாற்று இரண்டு இலை விட்டதும் கிளப்பி வேறு வேறு கப்பில் நடுவேன், மிளகாய் அதைத் தாங்கும். பெட்டிக்குள் அடுப்புக்கரி, மஞ்சள், பட்டை ஒன்றும் இல்லை.


மாடிப்படி, ஈஸ்ட் ஹாம் | மார்ச் 25

மாமா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன், எல்லோரும் பேஸ்மென்டில் வளர்ப்பதில்லை. நான் லண்டனில் தெற்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்கிறேன். போன வருடம் ஏப்ரலில் ஒரு ஞாயிறு, மேகமே இல்லை, நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டோம். வந்து பார்த்தால் மூடிக்குள் முழுவதும் வெந்த கீரை. வெளியே 14 டிகிரிதான். மூடி போட்ட தட்டில் நேர் வெயில் பட்டால் அது அடுப்பு. நோய் வர நாள் ஆகும், வெயிலுக்கு ஒரு மணி நேரம் போதும். ஜன்னலில் வைப்பவர்கள் முளைக்கும்வரை தட்டை உள்ளே நிழலில் வையுங்கள். முளைப்பதற்கு மிளகாய்க்கு வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை. முளைத்ததும் மூடியைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்று, மண்ணைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றனவா? ஃபங்கஸ் நாட் என்பார்கள். அதன் புழு ஈர மண்ணில் இருந்து பிஞ்சு வேரைக் கடிக்கும். மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று குத்தி வைத்தால் பறப்பவை ஒட்டிக்கொள்ளும். மண்ணைக் காயவிடாமல் அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை. நான் ஒரு குளிர்காலம் முழுவதும் அப்படி மாற்றினேன்.


முண்டுக்காரி, பிராம்ப்டன் | ஏப்ரல் 12

இரண்டு வாரம் ஆகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

நிழல்வலை, ஆமாம், ஸ்பிரே அடித்தேன். காலையும் மாலையும், மூடியைத் திறந்து. உங்கள் பதிலைப் படித்த அன்றைக்கே ஸ்பிரே பாட்டிலை மகள் கையில் கொடுத்துவிட்டேன், அவள் ஜன்னல் துடைக்கிறாள்.

முண்டு வெளியே வந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் விழுந்தது, அதுவும் மறுநாளே. அப்புறம் இல்லை. 31-இல் 19 நிற்கின்றன. மூன்று நாள் மேல்மண் காய்ந்து வெளுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கை பரபரத்தது. ஆனால் தட்டைத் தூக்கினால் கனமாகவே இருந்தது. இப்போது இரண்டாவது ஜோடி இலை விட்டு, தண்டு தீக்குச்சி மாதிரி விறைப்பாக நிற்கிறது. சின்ன மேசை ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன், இலை லேசாக நடுங்கும் அளவுக்கு.

கேக் கம்பித்தட்டு வைத்ததும் நடுக்குழி 28-க்கு இறங்கிவிட்டது. ஸ்காட்ச் பானட் 18-க்கு 13 வந்தது, கடைசி நான்கும் 27-ஆம் நாள் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு துண்டிலும் பாதி முளைத்ததும் அதை வெளியே எடுத்துவிட்டேன். முளைக்காத குழிக்கு மட்டும் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சின்னச் சதுரமாக வெட்டி ஒட்டினேன். பார்க்க அடிபட்ட பிள்ளைக்குப் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி இருந்தது, ஆனால் வேலை செய்தது. அன்றைக்குக் கையோடு வந்த ஒன்றை விட்டால், தொப்பி போட்டவை மொத்தம் ஐந்து. வெந்நீர்த் துளியும் டம்ளரும் நான்கைக் காப்பாற்றின. ஐந்தாவது ஒரு இலையோடு நிற்கிறது, அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள் மகள்.

பட்டை லவங்கம், தூவிய துண்டுக்கும் தூவாத துண்டுகளுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஸ்பிரேயை நிறுத்தியதும் மூன்றிலுமே அந்தப் பஞ்சு போய்விட்டது. பேஸ்மென்ட் மட்டும் பாயச வாசனை.

காந்தாரி 24-ஆம் நாள் முதல் முளை, இன்றுவரை 18-க்கு 9. மிச்சத்தைத் தூக்கிப் போட மனமில்லாமல் மூடிக்கு உள்ளேயே வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். "காந்தாரிக்கு எதுக்குடி தட்டு, காக்கா தின்னு போட்டா வேலி ஓரத்துல தானா வருமே" என்கிறார். பிராம்ப்டன் காக்காயை நம்ப முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. மூடிக்குள் ரொம்ப நாள் இருந்த ஸ்காட்ச் பானட் நாற்றுகளில் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பொடிப்பொடிக் கொப்புளம். பூச்சி முட்டை மாதிரி இருக்கிறது, ஆனால் சுரண்டினால் வரவில்லை. இது நோயா?


ஃபர்னஸ் மாமா, ஸ்கார்பரோ | ஏப்ரல் 12

சுரண்டி வராவிட்டால் முட்டை இல்லை. வேர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், சுற்றி ஈரக்காற்று என்பதால் இலையால் வெளியே விட முடியாது. உள்ளே அமுக்கம் கூடி இலைத்தோல் வீங்கிக் கொப்புளிக்கும். மிளகாயில் கண்டபடி வரும், தொற்றாது. வந்த கொப்புளம் போகாது, ஆனால் வெளிக்காற்றில் புதிதாக வரும் இலை சுத்தமாக இருக்கும். மருந்து ஒன்றும் வேண்டாம். ஃபேனை இந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பிவிடுங்கோ.

மிச்சக் காந்தாரியை இன்னும் இரண்டு கிழமை வைத்துப் பாருங்கோ. எனக்கு ஒரு முறை 40 நாளைத் தாண்டி வந்தது.


முண்டுக்காரி, பிராம்ப்டன் | ஏப்ரல் 12

இரண்டு வாரமா? மகளுக்கு 19-ஆம் தேதி பிறந்தநாள். கேக் தட்டைக் கேட்கிறாள்.


ஃபர்னஸ் மாமா, ஸ்கார்பரோ | ஏப்ரல் 12

கேக்கைக் கடையில் வாங்குங்கோ, பிள்ளை.